ஒரு நினைவஞ்சலியின் மறுவாசிப்பு: உடை, குடி, நட்பு

நினைவஞ்சலிக் கட்டுரைகளை யாரும் விமர்சிப்பதில்லை. செத்தவனைப் பற்றி எழுதியதில் போய் என்ன குறை காண்பது என்கிற நாகரிகம். ஆனால் சிறுபத்திரிகை வட்டாரத்தில் நாம் அதிகமும் நேர்மையற்று எழுதியது அந்த வகைமையில்தான் என்று இப்போது படுகிறது. மற்றவர்களை உதாரணம் காட்டிச் சண்டை வாங்குவதைவிட நான் எழுதியதையே எடுத்துக்கொள்கிறேன்.

1997இல் ஒரு சிறுபத்திரிகையில் என் நண்பன் ஒருவனைப் பற்றி ஐந்து பக்கம் எழுதினேன். முந்தைய வருஷம் கல்லீரல் கெட்டு, நாற்பத்தொரு வயதில் செத்துப்போனவன். சென்னையில் ஒரு வார இதழில் அவன் புரூஃப் ரீடர், நான் உதவி ஆசிரியன். என் பழைய கட்டுரைகளைத் தொகுக்கிறோம் என்று இளம் நண்பர்கள் சிலர் வந்ததால் அதை மறுபடி படிக்க நேர்ந்தது. நன்றாக எழுதியிருக்கிறேன். அதுதான் பிரச்சினை.

கட்டுரையின் மையம் அவனுடைய ஸ்டைல். கஞ்சி போட்டு மடிப்பு கலையாத வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்பு பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ, பர்மா பஜாரில் வாங்கிய சென்ட். அச்சுக் கோக்கிற காலம் அது. ஈய எழுத்து, மை, மண்ணெண்ணெய்த் துணி என்று கிடக்கிற கூடத்தில் ஈரம் காயாத கேலி புரூஃபை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் வருவதை ஒரு பக்கத்துக்கு விவரித்திருந்தேன். நாங்கள் எல்லோரும் ஜிப்பா, தாடி, ஜோல்னாப் பை. குளிக்காமல் வருவதே ஒரு கலகம் என்று நம்பிய தலைமுறை. 'அச்சகத்துக்குள் தவறி வந்த சினிமாக் கதாநாயகன்' என்று எழுதியிருந்தேன். வாசகர்கள் பலர் இந்த வரியைப் பாராட்டிக் கடிதம் போட்டார்கள்.

அடுத்து குடி. 1974இல் கொண்டுவந்த மதுவிலக்கு 1981இல் எடுக்கப்பட்டுக் கடைகள் திறந்தன. எங்களுக்கு அது ஏதோ விடுதலைபோல இருந்தது. வியாழக்கிழமை ராத்திரி கடைசி ஃபாரம் மெஷினுக்குப் போனதும் கிளம்பிவிடுவோம். ராயப்பேட்டையில் ஒரு கடை, திருவல்லிக்கேணி மேன்ஷன் மொட்டைமாடி, கையில் காசு இல்லாவிட்டால் கண்ணகி சிலைக்குப் பின்னால் மணல். அல்தூசர், கிராம்சி, மௌனி எல்லாம் பேசுவோம். விடிந்து ரத்னா கபேயில் இட்லி. எல்லார்க்கும் அவன்தான் காசு கொடுப்பான். அவன் எதுவும் பேசமாட்டான், 'அவன் கேட்பதே ஒரு விமர்சனம்' என்று எழுதியிருந்தேன். (அவனிடம் யாரும் எதையும் கேட்டதில்லை என்பதை இவ்வளவு அழகாகச் சொல்லலாம் என்று இப்போது தெரிகிறது.)

இந்த ஐந்து பக்கத்தில் ஒரு ராத்திரி வருகிறது. மொட்டைமாடியில் குடித்துக்கொண்டிருக்கிறோம். எங்களில் மூத்த எழுத்தாளர் ஒருவர் எழுந்து வந்து, "என்னப்பா, வெள்ளச் சட்டையில வந்து உக்காந்தா நீ யாருன்னு தெரியாமப் போயிடுமா?" என்று கேட்டுக் கையிலிருந்த கிளாஸை அவன் சட்டையில் கொட்டினார். ரம். நாங்கள் சிரித்தோம். நானும்தான். அவன் எழுந்து போனான். அரைமணி நேரம் கழித்து வேறொரு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தான். ஆபீஸ் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு சட்டை மடித்து வைத்திருப்பான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கட்டுரையில் இதை எப்படி முடித்திருக்கிறேன்: 'அதுதான் அவன். ஸ்டைலுக்கு மாற்றுச் சட்டை உண்டு, மாற்றுக் கிடையாது.'

அந்த மூத்தவரின் கேள்வியை நான் கட்டுரையில் எழுதவில்லை. கிளாஸ் 'கவிழ்ந்தது' என்று மட்டும் இருக்கிறது.

நாங்கள் சாதி பார்க்காதவர்கள். அதாவது, அவன் சாதியைத் தெரிந்துவைத்துக்கொண்டு தெரியாததுபோல நடந்துகொள்ளத் தெரிந்தவர்கள். அவன் பழைய இராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு சேரியிலிருந்து வந்தவன். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் அந்த ஜில்லாவைப் பற்றிப் பதிவு செய்திருக்கிற ஒரு விஷயம் உண்டு. 1930 டிசம்பரில் அங்கே ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. குடை, செருப்புக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடு மாடுகளைக் கொள்ளையடித்தார்கள். 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அம்பேத்கரியம் படித்த எல்லோருக்கும் தெரிந்த தகவல்தான். எனக்கும் தெரிந்திருந்தது. 1994லேயே அதை மேற்கோள் காட்டி உடையும் அதிகாரமும் பற்றிக் கட்டுரை எழுதியவன் நான். பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த சட்டையோடு அதைச் சேர்த்துப் படிக்க எனக்கு வரவில்லை. அவனுடைய தாத்தாவுக்கு 1930இல் இருபத்தைந்து வயதாவது இருந்திருக்கும்.

நகரத்து ஸ்டைல்காரன் என்றவுடன் நமக்குப் பொதலேர் ஞாபகம் வந்துவிடுகிறது. 1863இல் வெளிவந்த கட்டுரையில் அவர் வர்ணிக்கிற 'டாண்டி', பிரபுத்துவம் சரிந்து ஜனநாயகம் இன்னும் முழுசாக நிலைபெறாத இடைக்காலத்து ஆள். இழந்த மேன்மையை உடையில் காப்பாற்றுகிறவன். என் கட்டுரையும் அவனை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் இவன் எந்தப் பிரபுத்துவத்தை இழந்தான்? டிக் ஹெப்டிஜ் 1979இல் எழுதிய துணைப்பண்பாடு பற்றிய புத்தகத்தையும் நாம் அப்படியே பெயர்த்துக்கொள்ள முடியாது. அங்கே இளைஞன் ஒழுங்கான உடையைக் கிழித்து ஊக்குக் குத்தி மறுப்பைச் சொல்கிறான். கிழிக்கிறதுக்கு முதலில் சட்டை வேண்டும் அல்லவா. காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் மேலாடையைத் துறந்தார். துறக்க முடிந்தது. நான் பிறந்த சாதியில் அழுக்கு வேட்டி கட்டினால் 'எளிமை' என்பார்கள், என் ஜிப்பாவின் கலகத்துக்கு முதலீடே அதுதான். அவன் அதே அழுக்கோடு வந்திருந்தால் வாட்ச்மேன் உள்ளே விட்டிருக்கமாட்டான். நாடு முழுக்க அம்பேத்கர் சிலைகள் கோட்டும் டையுமாக ஏன் நிற்கின்றன என்று மேடையில் விளக்கம் சொல்லத் தெரிந்த நாங்கள், உயிரோடு ஒருத்தன் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தபோது 'மைனர்' என்று பேர் வைத்தோம்.

தொகுப்பு விஷயமாக அனுமதி கேட்டு அவனுடைய மகளைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அப்பா சாகும்போது ஒன்பது வயசுப் பெண். இப்போது வேலூர்ப் பக்கம் ஆசிரியை. கட்டுரையை அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாள்.

"அங்கிள், நல்லா இருக்கு. ஆனா அம்மா ஒரு எடத்துலகூட இல்லையே?"

உண்மைதான். ஐந்து பக்கத்தில் பெண் என்று யாரும் இல்லை. கண்ணகி சிலை மட்டும் இருக்கிறது. தெரிதா 1994இல் வெளியிட்ட நட்பின் அரசியல் பற்றிய நூலில், மேற்கத்தியச் சிந்தனை நட்பைச் சகோதரத்துவமாகவே கட்டியமைத்து வந்ததையும் அதற்குள் பெண்ணுக்கு இடமில்லாமல் போனதையும் விரிவாகப் பேசுகிறார். அதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம், முடிந்ததும் வழக்கம்போல ராயப்பேட்டை. மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அந்தச் சட்டைகளுக்கு ராத்திரி கஞ்சி வடித்து எடுத்துவைத்து, சொட்டு நீலம் போட்டு, காலையில் கரிப்பெட்டியால் தேய்த்துக் கொடுத்தது அவளுடைய அம்மா. வெள்ளிக்கிழமை காலையில் அவன் வீட்டுக்கு வரும்போது அந்த வெள்ளை என்ன நிறத்தில் இருக்கும் என்று அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். எங்களுக்குச் செலவழித்த காசு ஆபீஸ் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன். செத்த பிறகு வந்த பணத்தில் அது போக மிச்சம் ரொம்பக் குறைவு. "கூட உக்காந்து குடிக்கிறவங்ககிட்ட காசு வாங்கிட்டான்னு பேரு வரக்கூடாது"ன்னு அப்பா சொல்வாராம். நான் அதைத் 'தாராளம்' என்று எழுதியிருக்கிறேன்.

குடியைப் பற்றி ஒழுக்கப் பிரசங்கம் பண்ணுகிற உத்தேசம் எனக்கு இல்லை. அந்த ராத்திரிகளில் நான் சந்தோஷமாக இருந்தேன், அவனும் சில ராத்திரிகளில் இருந்திருப்பான். ஆனால் ஒரே கிளாஸைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது ஒரே குடியாக இருக்கவில்லை. எங்களுக்கு அது ஒரு பருவம். பிறகு வேலை மாறினோம், வீடு கட்டினோம், சிலர் பரிசு வாங்கினோம். அவன் அங்கே உட்காருவதற்கு ஒவ்வொரு தடவையும் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தான். பத்திரிகை போட்டோடைப்செட்டிங்குக்கும் பிறகு கம்ப்யூட்டருக்கும் மாறியபோது முதலில் ஆட்டம் கண்டது அவனுடைய வேலைதான். அதையும் நான் எழுதவில்லை. ஸ்டைலைப் பற்றிய கட்டுரையில் சம்பளம் எதற்கு?

தொகுப்பிலிருந்து கட்டுரையை எடுத்துவிடலாம் என்று மகளிடம் சொன்னேன்.

"எடுக்காதீங்க அங்கிள். அப்பாவைப் பத்தி அச்சுல இருக்கிறது அது ஒண்ணுதான்."

கொஞ்சம் இடைவெளி விட்டுக் கேட்டாள், "சட்டையில ஊத்தினவர் யாரு? அந்தப் பேரை மட்டும் போட்டுடுங்களேன்." கிளாஸ் கவிழ்ந்தது என்றுதானே எழுதியிருந்தேன் என்றேன். "அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்த மூத்தவர் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார். தொகுப்புக்கு முன்னுரை வேண்டும் என்று இளம் நண்பர்கள் அவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். தருவதாகச் சொல்லியிருக்கிறாராம்.