ஒரு மனுவும் சில கணக்குகளும்

முத்துப்பேட்டையில் பஸ் ஏறி பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூர் போனால் நடுவில் ஒரத்தநாடு வரும். அங்குள்ள முத்தாம்பாள் சத்திரத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும், "சரபோசி ராசா கட்டுனது, வந்தவங்க எல்லாருக்கும் சோறு போட்டாரு" என்பார்கள். கட்டியது 1802இல். சோறு போட்டதும் உண்மை. ஆனால் அந்த 'எல்லாருக்கும்' எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் ஒரே ஆவணத்திலிருந்து. 1801இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடெண்ட் டோரினுக்கு எழுதிய கடிதம் அது. பிராமணர் முதல் பறையர் வரை எல்லா வழிப்போக்கருக்கும் அன்னம், அநாதைப் பிள்ளைகளுக்கு வாத்தியார், நோயாளிக்கு வைத்தியர் என்று வரிசையாக வரும். வாசித்தால் மனசு நிறையும். நிறையட்டும் என்றுதான் எழுதப்பட்டது. 1799 ஒப்பந்தத்தில் நாட்டைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு, சத்திரங்களாவது தப்பட்டும் என்று கேட்கிற மன்னர் அவர். அது ஒரு மனு. நாம்தான் அதை மெய்க்கீர்த்தியாக வாசிக்கிறோம்.

அந்த மனுவிலேயே இன்னொரு செய்தியும் இருக்கிறது: ஆக்கிய சோறு வேண்டாதவர்களுக்குத் தனியாக அரிசியும் சாமான்களும். சத்திரத்துச் சோற்றை யார் வேண்டாமென்பார்கள் என்று டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனுவைச் சரிபார்க்கக் கணக்கு வேண்டும். 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் அதற்கு வழி செய்தது. 1984இல் கே.எம். வேங்கடராமையா மராட்டியர் கால அரசியலையும் சமுதாய வாழ்க்கையையும் பற்றி எழுதிய பெரிய நூல் வந்தது. 1989இல் மோடி ஆவணங்களின் தமிழாக்கம் குறிப்புரையோடு மூன்று தொகுதிகளாக வந்தது. மோடி என்பது மராத்தியை எழுதுகோல் எடுக்காமல் ஓட்டி எழுதும் கச்சேரி எழுத்து. வசூல், பாக்கி, ஜாபிதா என்று நாம் இன்றும் பேசுவது அந்தக் காலத்துக் கச்சேரிப் பாஷைதான்.

என் புகார் தொகுதிகள் மேல் இல்லை, நாம் வாசித்த விதத்தின் மேல். அரண்மனைத் துணுக்குகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதை அலமாரியிலேயே விட்டுவிட்டோம். கணக்கும் முழு உண்மையைச் சொல்லிவிடாதுதான். அளந்த அரிசியைச் சொல்லும். சாப்பிட்டவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார் என்று சொல்லாது. ஆனாலும் மனுவையும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கேள்வியே பிறக்கும்.

மோடி வாசிக்கத் தெரிந்தவர்கள் இன்று வெகு சிலரே. அவர்களும் போய்விட்டால், தமிழுக்கு வராத கட்டுகள் வெறும் காகிதம். மிஞ்சப்போவது ராசாவின் மனு மட்டும்தான்.