வெளிறிய கண்ணுக்கு மட்டும் மருந்து

செம்மறியின் கீழிமையை இறக்கி உள்சதையைப் பார். சிவந்திருந்தால் விட்டுவிடு, வெளிறியிருந்தால் மட்டும் குடற்புழு மருந்து ஊற்று. தென்னாப்பிரிக்காவில் 1990-களில் உருவான ஃபமாச்சா முறை இவ்வளவுதான். அதைத் தொடங்கிவைத்த கால்நடை மருத்துவர் ஃபாஃபா மாலனின் பெயரையே அது சுமக்கிறது. செக்கச் சிவப்பு ஒன்று, காகித வெள்ளை ஐந்து என்று ஐந்து நிறங்கள் அச்சிட்ட ஒரு சின்ன அட்டையைத் தவிர வேறு கருவி கிடையாது. நான்கும் ஐந்தும் கட்டாயம் மருந்துக்கு உரியவை. மூன்று என்றால் குட்டிக்கும் சினையாட்டுக்கும் கொடுத்துவிடுவது நல்லது.

மருந்து விற்பனை கொடிகட்டிப் பறந்த காலத்தில் மருந்தைக் குறைக்கச் சொல்லும் யோசனை எப்படி எடுபட்டது? வேறு வழி இல்லாமல்தான். தயாபெண்டசோல் என்ற குடற்புழு மருந்து 1961-இல் சந்தைக்கு வந்தது. 1964-இலேயே அதற்கு மசியாத புழுக்கள் அமெரிக்காவில் தென்பட்டன. அடுத்து வந்த லெவாமிசோலும் சில ஆண்டுகளில் அதே கதிக்கு ஆளானது. ஐவர்மெக்டின் 1981-இல் வந்தது. அதைத் தந்த ஆய்வுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது என்றாலும், செம்மறிப் பண்ணைகளில் அதன் ஆட்டம் 1980-கள் முடிவதற்குள்ளேயே தளர்ந்துவிட்டது. அது தோற்ற முதல் இடங்களில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. கடையில் உள்ள எந்த மருந்தும் கேட்காமல் ஆடு வளர்ப்பதையே கைவிட்ட பண்ணைகள் அங்கே உண்டு. 2009-இல் நியூசிலாந்தில் அறிமுகமான மோனிபேன்டெல் என்ற புத்தம்புது மருந்துக்கும் 2013-க்குள் அதே நாட்டில் எதிர்ப்பு பதிவாகிவிட்டது.

எதிரி சாதாரணப் புழு அல்ல. ஹீமாங்கஸ் என்ற இந்தப் புழு ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பது. ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லி ரத்தத்தை வீணாக்கும் என்பது கணக்கு. அற்பம்போலத்தான் தெரியும். ஆயிரம் புழு இருந்தால் அது 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல்தான். ஒரு மாதத்தில் ஏறக்குறைய அவ்வளவும் போய்விடும். தாடைக்குக் கீழே நீர்கோத்துத் தொங்குவதும், மந்தையோடு நடக்க முடியாமல் பின்தங்குவதும் இதனால்தான். ஒரு பெண்புழு ஒரே நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் முட்டையிடும். சூடும் ஈரமும் இருந்தால் அந்த முட்டைகள் ஒரே வாரத்தில் புல் நுனியில் ஏறி நிற்கும் இளம்புழுக்களாகிவிடும்.

இத்தனை கோடி முட்டைகளில் சில, மருந்தைத் தாங்கும் மரபணுவோடு பிறப்பது இயல்பு. அல்பெண்டசோல் வகை மருந்துகளை வெல்ல, புழுவின் ஒரு புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும். மருந்து அந்த மாற்றத்தை உண்டாக்குவதில்லை. மற்ற புழுக்களை ஒழித்து அதற்கு இடம் விடுகிறது. மந்தை மொத்தத்துக்கும் மருந்து ஊற்றினால், அடுத்த மூன்று வாரத்துக்கு மேய்ச்சல் நிலத்தில் விழும் முட்டையெல்லாம் தப்பிப் பிழைத்த புழுக்களின் வாரிசுகளே.

இந்த எளிய கணக்கை வல்லுநர்களே நெடுங்காலம் கோட்டைவிட்டார்கள். ‘மருந்து கொடு, உடனே சுத்தமான மேய்ச்சலுக்கு ஓட்டு’ என்பது ஆஸ்திரேலியாவில் பல்லாண்டு காலம் அறிவியல் பூர்வமான அறிவுரையாக இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் புல் காய்ந்து, தரையில் இளம்புழுவே மிஞ்சாத கோடையில் மருந்து கொடுக்கச் சொன்னார்கள். புழுவை ஒழிக்க அதைவிடத் தோதான நேரம் இல்லை என்பது உண்மை. மருந்துக்கு அடங்காத புழுவைப் பெருக்கவும் அதைவிடத் தோதான நேரம் இல்லை. சொன்னதைத் தட்டாமல் செய்த விவசாயிகள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

ஃபமாச்சாவின் முதல் பலம் இங்கேதான் இருக்கிறது. அது புழுவைக் கண்டுபிடிக்கும் முறை என்று பலரும் நினைக்கிறார்கள். என் பார்வையில், மருந்து படாத புழுக்களைக் காப்பாற்றி வைக்கும் முறை அது. மந்தையில் புழு சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பங்கைச் சில ஆடுகளே சுமக்கின்றன. அவற்றுக்கு மட்டும் மருந்து ஊற்றினால் சாவு நிற்கும். மற்றவை போடும் புழுக்கையில், மருந்துக்குச் சாகும் புழுக்களின் முட்டைகள் தொடர்ந்து நிலத்தில் விழும். எதிர்ப்புள்ளவை சிறுபான்மையாகவே கிடக்கும். தென்னாப்பிரிக்காவில் நடந்த தொடக்க காலச் சோதனைகளிலேயே, பெரும்பாலான ஆடுகள் மருந்தே இல்லாமல் புழுக்காலத்தைத் தாண்டின. மந்தையில் ஒரு புழுகூட இருக்கக் கூடாது என்ற பழைய இலக்கு போய், புழுவோடு வாழத் தெரிந்த ஆடு வேண்டும் என்ற இலக்கு வந்தது. மருந்துக் கம்பெனிகள் சொல்லித்தரவே முடியாத பாடம் இது.

குறைகளும் லேசானவை அல்ல. அட்டை காட்டுவது சோகையை மட்டுமே. கழிச்சலையும் மெலிவையும் தரும் டிரைக்கோஸ்டிராஞ்சைலஸ் வகைப் புழுக்கள் குடலை அரித்துக்கொண்டிருக்கும்போதும் இமை சிவப்பாகவே இருக்கலாம். ஸ்காட்லாந்து போன்ற குளிர்நாடுகளில் முதன்மையான புழு வேறு. அங்கே இந்த அட்டையால் பெரிய பயனில்லை. மறுபக்கம், கல்லீரல் தட்டைப்புழுவும் உண்ணிக் காய்ச்சலும்கூட இமையை வெளிறச் செய்யும். புழுதி பட்டுக் கண் சிவந்தால் மூன்று ஒன்றாகத் தெரியும்.

பார்ப்பதிலும் பக்குவம் வேண்டும். மேலிமையால் கண்ணை மூடி, விழியை மெல்ல உள்ளே அழுத்தி, கீழிமையை இறக்கினால் உள்சதை பிதுங்கி வரும். அந்த ஓரிரு நொடியில், வெயில் வெளிச்சத்தில், அட்டையோடு ஒப்பிட வேண்டும். நேரம் நீடித்தால் சதையே சிவந்து ஏமாற்றும். கொட்டகைக்குள் பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் தவறும். ‘எனக்குப் பழகிவிட்டது’ என்று அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருபவரின் கணிப்பும் மெல்ல மெல்ல நழுவும். அட்டையின் சாயமும் மங்கக்கூடியது; ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

புழுக்காலத்தில் இதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தாக வேண்டும். ஆயிரக்கணக்கில் மெரினோ வளர்க்கும் ஆஸ்திரேலியரிடம் சொன்னால் சிரிப்பார். அவர் புழுக்கையில் முட்டை எண்ணிப் பார்த்து மந்தை அளவில் முடிவெடுப்பதும், இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து கொடுப்பதும் சோம்பேறித்தனம் அல்ல. எதிர்ப்பு இன்னும் அரிதாக இருக்கும் பண்ணையில் கலவை மருந்து நன்றாகவே தாங்கும். ஆனால் எதிர்ப்பு முற்றிய பண்ணையில் அது கைவசமுள்ள எல்லா மருந்தையும் ஒரே சமயத்தில் பணயம் வைப்பதாகும்.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறொன்று. ஃபமாச்சா வேலை செய்ய, உண்மையில் புழுவைக் கொல்லும் மருந்து ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். நாலாம் எண் ஆட்டைச் சரியாகக் கண்டுபிடித்து, தோற்றுப்போன மருந்தை ஊற்றினால் ஆடு செத்துப்போகும். மருந்து கேட்கிறதா என்று அறிய, கொடுக்கும் நாளிலும் பத்துப் பதினான்கு நாள் கழித்தும் புழுக்கை எடுத்து முட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். முட்டை 95 விழுக்காடாவது குறையவில்லை என்றால் எதிர்ப்பு வந்துவிட்டது என்று பொருள். அட்டையைப் பரப்பிய ஆர்வத்தில் பாதிகூட இந்தச் சோதனையைப் பரப்புவதில் காணோம்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. நீலகிரியில் சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணையில் அல்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனாலும் நாம் கேட்டுப் பழகிய அறிவுரை ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் பூச்சி மருந்து’ என்பதே. எடை பார்க்காமல் கண்ணளவாக ஊற்றுவது, வெள்ளாட்டுக்கும் செம்மறி அளவையே கொடுப்பது என்று இரண்டு பழக்கங்கள் இதோடு சேர்கின்றன. வெள்ளாட்டின் உடம்பு இம்மருந்துகளைச் சீக்கிரம் கழித்துவிடும்; செம்மறி அளவு அதற்குப் போதாது. இப்படி அரைகுறையாய் மருந்து கண்ட புழுதான், சேர்ந்து மேயும் செம்மறிக்கும் போய்ச் சேருகிறது.

இமை பார்க்கும் முறை கச்சிதமாகப் பொருந்துவது நம் ஊர் அளவுகளுக்குத்தான். பத்து ஆட்டுக்கு இமை பார்க்கக் கால்மணி நேரம் பிடிக்காது. ஊர்ப் புறம்போக்கில் பலருடைய ஆடுகளும் சேர்ந்து மேய்வதால், ஒருவர் மருந்து கொடுக்காமல் விட்ட ஆட்டின் புழு இன்னொருவர் மருந்தைக் காப்பாற்றும். ஒருவர் சந்தையிலிருந்து ஓட்டிவந்த ஆடு எல்லோர் மருந்தையும் கெடுக்கவும் செய்யும். புதிதாய் வாங்கிய ஆட்டைச் சில நாள் தனியே கட்டி, மருந்து கொடுத்து, முட்டை நின்றதா என்று பார்த்த பிறகே மந்தையில் விட வேண்டும் என்ற விதி அட்டையில் அச்சாகவில்லை.

மீண்டும் மீண்டும் வெளிறும் ஆட்டைக் கழித்துவிடு என்பது இம்முறையின் நீண்டகால வாக்குறுதி. புழுவைத் தாங்கும் குணம் ஓரளவு பரம்பரையாக வருவது; ஆகவே கழித்துக்கொண்டே போனால் மந்தை உறுதிப்படும். இதை நான் ஒரு நிபந்தனையோடுதான் ஏற்பேன். இரட்டைக்குட்டி ஈன்று இரண்டுக்கும் பால் கொடுக்கும் தாயாடுதான் அந்த நாட்களில் முதலில் வெளிறும். அட்டையை மட்டும் நம்பினால் மந்தையின் நல்ல தாய்கள் கசாப்புக்குப் போகும். ஈன்ற பிறகான இரண்டு மாதத்துக்கு அவளுக்கு எத்தனை முறை மருந்து தேவைப்பட்டாலும் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதே மேய்ச்சலில், குட்டிச் சுமை எதுவும் இல்லாமல், ஒரே பருவத்தில் மூன்று முறை வெளிறும் கிடா என்றால் யோசிக்காமல் விற்றுவிடலாம்.