உச்சிக்குடும்பனுக்குக் கிடைக்காத திரை

பண்பாட்டு விழா மேடைகளில் ஒரு வசனம் தவறாமல் வந்துவிடுகிறது: டிவி வந்தது, பாவைக்கூத்து செத்தது. சொல்பவருக்குக் கைதட்டல் நிச்சயம். நடந்ததோ வேறு.

டிவியின் முன் பிள்ளைகளை முதலில் உட்கார வைத்தவர்களே பாவைக்காரர்கள்தான். 1946இல் பிபிசி, மஃபின் என்ற கோவேறு கழுதைப் பாவையைப் பியானோவின் மேல் ஆடவிட்டது. அடுத்த ஆண்டே சிகாகோவில் பர் டில்ஸ்ட்ராம், எழுதி வைத்த வசனம் எதுவுமில்லாமல் குக்லா, ஒல்லி என்ற பாவைகளைப் பேச வைத்தார். 1955இல் ஜிம் ஹென்சன் வாஷிங்டன் நிலையமொன்றில் நுழைந்தார். 1964இல் ஜப்பானின் என்எச்கே ஒரு தீவையே பாவைகளால் நிரப்பியது.

அமெரிக்கப் பிள்ளைகள் நிகழ்ச்சியான ‘செசமி ஸ்ட்ரீட்’ மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. பாவையையும் மனிதரையும் ஒரே காட்சியில் கலந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று உளவியல் வல்லுநர்கள் எச்சரித்தார்கள். 1969 ஜூலையில் பிலடெல்பியாவில் சோதனை ஓட்டம். மனிதர்கள் மட்டும் தெருவில் நின்று பேசிய காட்சிகளில் பிள்ளைகளின் கண் வேறெங்கோ போனது. அறிவுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆஸ்கர், பிக் பேர்ட் என்ற பாவைகளைத் தெருவில் இறக்கினார்கள். அந்தப் பாவைகளை உருவாக்கிய ஹென்சன் பாவைமேடையையே தேவையில்லாததாக்கியிருந்தார். சட்டகத்துக்குக் கீழே கையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி, எதிரிலிருக்கும் மானிட்டரைப் பார்த்தே ஆட்டுவார். அந்தக் கையில் பிறந்த எர்னியும் அவன் கூட்டாளி பெர்ட்டும் அற்பக் காரியங்களுக்கு முட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த ஜோடி நமக்குப் புதிதா என்ன? கன்னியாகுமரித் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற இரு கோமாளிகள் இருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் ஒரே ஆள்தான் எல்லாருக்கும் குரல். ராமனுக்குக் கொடுத்த கம்பீரத்தை மறுநொடியே கழற்றி வீசிவிட்டு, இந்த இருவருக்காக ஊர்ப்பேச்சில் இறங்கிவிடுவார். மலேசியாவின் கிளந்தான் மாநிலத்து நிழற்பாவைக்கூத்தான வாயாங் கூலிட்டில் பா டோகோலும் வா லோங்கும் செய்வது இதே வேலை. கறுத்த உருவமான பா டோகோல் வேடம் மாறி வந்த தெய்வம். அவன் உடம்பு அழுக்கிலிருந்து உருட்டப்பட்டவன் வா லோங். செரி ராமா என்ற ராமனின் சேவகர்களாக நின்றுகொண்டே ராஜசபையைக் கேலி செய்வார்கள். கெமாஸிலிருந்து கிளந்தானின் தும்பாட்டுக்குப் போகும் ரயில்பாதை எங்கள் ஊரான பகாவ் வழியாகத்தான் போகிறது. கிளந்தான் கூத்தின் ராமாயணம் ஒரே தண்டவாளத்தில் இருந்தும் நாம் ஏறிப் பார்க்கவில்லை.

மலேசியத் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. கல்வி ஒளிபரப்பு 1972இல். சென்னைத் தொலைக்காட்சி 1975இல். மூன்றுக்கும் கூத்து என்றால் ‘பாரம்பரியக் கலை’தான், பிள்ளைகளுக்கோ பாடமும் நற்பழக்கமும். கூத்துக்காரரைக் கூப்பிட்டுப் பிள்ளைகள் நேரத்தை அவர் கையில் கொடுக்கலாம் என்று அந்த நிலையங்களின் கோப்புகளுக்குத் தோன்றவில்லை. 1987இல் தூர்தர்ஷன் ராமனை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. உச்சிக்குடும்பனுக்கு அந்த ரதத்தில் இடமில்லை. கிளந்தானில் 1990களில் வாயாங் கூலிட்டுக்குத் தடை போட்டது மாநில அரசு. பழியை மட்டும் டிவி சுமக்கிறது.

பகாவ் பக்கத்து கெடிஸ், ஜெராம் பாடாங் தோட்டங்களின் லயங்களில் இன்று பிள்ளைகளுக்குத் திரைப் பஞ்சமில்லை. 1996இல் வந்த ஆஸ்ட்ரோவின் தட்டு கூரைதோறும் நிற்கிறது. ஆனால் 2007இல் சன் குழுமம் தொடங்கிய சுட்டி டிவியில் டோரா பேசியது சென்னைத் தமிழ். அதே ஆண்டு வந்த மலேசியக் கணினி அசைபடத் தொடர் ‘உப்பின் இப்பின்’, கம்பத்துப் பிள்ளைகளின் மலாயைக் கூச்சமில்லாமல் பேசியே நாட்டைப் பிடித்தது. அதில் ராஜுவும் அங்கிள் முத்துவும்கூட உண்டு. நம்மவர்கள் அங்கே இருந்தும், மலாய்தான் பேச முடிகிறது.

உயர்தரக் கணினிப்படம் வேண்டும் என்று மானியத்துக்கு மனுப்போடும் நண்பர்களோடு எனக்குள்ள சண்டை இதுதான். கணினி பிறகு வரட்டும். முதலில் பால்மரக் காட்டுத் தமிழில், தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரையும் எழுத்தரான கிராணியையும் கிண்டலடிக்கத் தெரிந்த இரண்டு கோமாளிகள் வேண்டும். டில்ஸ்ட்ராமுக்கு ஒரு சின்ன மேடையும், பாவைகளோடு முன்னால் நின்று பேச ஃபிரான் அலிசன் என்ற ஒரு பெண்ணும் போதுமாக இருந்தது.