பிளாத்தாவும் வெள்ளியும்

ஸ்பானிய மொழிப் பாடங்களில் பணத்தைப் பற்றிய பேச்சுவழக்குகளுக்குத் தனி மவுசு. மெக்சிகோவில் பணம் 'லானா', அதாவது கம்பளி. அர்ஜென்டினாவில் 'கித்தா', ஸ்பெயினில் 'பாஸ்தா', தென்னமெரிக்காவில் பல நாடுகளில் 'பிளாத்தா'. விலை எக்கச்சக்கம் என்றால் 'முகத்திலிருந்து ஒரு கண்ணையே கேட்கிறது'. படித்த கையோடு எடுத்துவிடத் தோன்றும். பட்டியல் போட்டுக் கற்பதன் கவர்ச்சி அதுதான். கோளாறும் அதிலிருந்தே தொடங்குகிறது.

'பெலாதோ' என்ற சொல்லைப் பாருங்கள். தோல் உரிந்தவன் என்பது நேர்ப்பொருள்; கையில் காசில்லாதவன் என்று பட்டியல் சொல்லும். அர்ஜென்டினாக்காரர் காதில் அது வழுக்கைத் தலையன். கொலம்பியாவில் பொடியன். மெக்சிகோவில் நாகரிகம் தெரியாதவன் என்ற வசவு. ஒரே சொல், மூன்று ஊர், மூன்று வம்பு. இருபது நாடுகளின் பேச்சை ஒரே பக்கத்தில் கொட்டினால் எந்த ஊர்க்காரரும் பேசாத ஒரு கலவைதான் மாணவர் வாயில் வரும்.

ஆனாலும் இந்தப் பழக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. பேச வராவிட்டாலும் கேட்டுப் புரிந்துகொள்ளக் காது திறக்கிறது. ஐந்து பெசேத்தா நாணயத்துக்கு 'தூரோ' என்று பெயர். 2002இல் யூரோ வந்து பெசேத்தா புழக்கத்திலிருந்து போன பிறகும் 'ஒரு தூரோகூட இல்லை' என்றே ஸ்பெயினில் புலம்புகிறார்கள். காலணா செத்து எத்தனையோ காலமாகியும் 'காலணாவுக்குப் பிரயோஜனமில்லை' என்று திட்டும் நமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. 'பிளாத்தா'வின் நேர்ப்பொருள் வெள்ளி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இன்றும் 'பத்து வெள்ளி' என்றுதான் கேட்கிறார்கள். 1975இல் ரிங்கிட், சென் என்று அதிகாரப்பூர்வமாகப் பெயர் வைத்தும் அது மாறவில்லை. மெக்சிகோவில் அச்சான ஸ்பானிய வெள்ளி நாணயங்கள் ஒரு காலத்தில் மலாய் நாட்டுத் துறைமுகங்களில் புழங்கின. அவற்றின் ரம்ப விளிம்பிலிருந்தே ரிங்கிட் என்ற பெயர் வந்தது என்பார்கள். பேராக் மாணவருக்கு 'பிளாத்தா' அந்நியமே அல்ல.

என் குறை வேறு. இந்தப் பட்டியல்கள் பணத்தின் செல்லப்பெயர்களை அடுக்குகின்றன. பணம் கைமாறும் ஏற்பாடுகளின் பெயர்களைச் சொல்வதில்லை. மெக்சிகோவில் 'தாந்தா', பெருவில் 'ஹுந்தா' என்பது நம் கூட்டுதான். பத்துப் பேர் மாதாமாதம் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பது. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் பலருக்குப் பள்ளிக் கட்டணமும் கல்யாணச் செலவும் இப்படித்தான் வந்தன. கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தாலும் அது ஓயவில்லை. மலாய்க்காரர்களும் 'மாயின் குத்து' என்று நம் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். முதலில் எடுத்தவர் ஊரைவிட்டுப் போய்விட்டால் என்ன நடக்கும் என்று அறிந்தவருக்கு 'தாந்தா' ஒரே நொடியில் புரியும், அதன் பயத்தோடு சேர்த்து. கடன் சொல்லும் அப்படியே. தோட்டத்துக் கடையில் மாதம் முழுக்கப் பற்று வைத்து, சம்பள நாளில் அடைத்து, மறுநாளே மீண்டும் பற்று எழுதிய குடும்பங்கள் இங்கே ஏராளம். 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்ற நம் கடைப் பலகைக்கு ஸ்பானிய ஊர்களிலும் ஒரு ஜோடி உண்டு: 'இன்று கடன் இல்லை, நாளை உண்டு'. இவை லானாவைவிட நெடுநாள் உழைக்கும் சொற்கள்.

லஞ்சச் சொற்கள் வேறு ரகம். மெக்சிகோவில் லஞ்சத்துக்கு 'மொர்தீதா' என்று பெயர், ஒரு கடி. நம் நாட்டில் 'டூயிட் கோப்பி', காப்பிக் காசு. பேராக்கில் அந்தச் சொல்லை அறியாதவர் இல்லை, ஆனால் சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரரிடம் வேடிக்கைக்கும் அதைச் சொல்லமாட்டார்கள். சொல்லின் பொருளைக் கொடுக்கும் பட்டியல், யாரிடம் எப்போது வாய்மூட வேண்டும் என்பதைக் கொடுப்பதில்லை. பாடம் எழுதுவோர் செல்லப்பெயர்களைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் ஊர்ப் பெயரைப் போட்டு, மொர்தீதாவுக்குப் பக்கத்தில் 'கேட்க மட்டும்' என்று எழுதிவைத்தால் பாதி வம்பு தீரும்.