ஹாட் ராடுக்கு ஒரு மூக்கணாங்கயிறு

கலிஃபோர்னியாவில் ஒரு டிராக் நாள். நானும் நண்பரும் இரண்டு வருஷ வார இறுதிகளைத் தின்னக் கொடுத்துக் கட்டிய ஹாட் ராட், ஒரு வளைவில் வழுக்கிச் சரளைக்குள் போய்ப் புதைந்து நின்றது. ஓட்டியவருக்கும் வண்டிக்கும் கீறல்கூட இல்லை. மீட்பு டிரக்கில் வந்தவர் குனிந்து பார்த்தார், பிறகு படுத்தே பார்த்தார். முன்பக்கம் கொக்கி மாட்ட ஓர் இடம் இல்லை. கடைசியில் சஸ்பென்ஷனின் கீழ்க்கையில் பட்டையைச் சுற்றி இழுத்தார். வண்டி வெளியே வந்தது. வீல் அலைன்மென்ட் போயே போய்விட்டது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த வண்டியின் அழகே அப்படி. 1933 ஃபோர்டின் உருவத்தை ஃபைபரில் வார்த்து, உருளைக் குழாய் சேஸிஸ் மேல் உட்கார வைக்கும் கிட் இது. பம்பர் கிடையாது, மட்கார்டு கிடையாது. முகத்தில் இருப்பதெல்லாம் ஒரு கிரில். தெற்குக் கலிஃபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் வறண்ட ஏரிகளில் அந்தக் காலத்துப் பையன்கள் எடை குறைக்கக் கழற்றிப் போட்டதெல்லாம் பின்னாளில் பாணியாகிவிட்டது. ஏரித் தரையிலும் பானவில் உப்புவெளியிலும் வண்டியைப் பின்னாலிருந்து டிரக்கால் தள்ளிக் கிளப்புவது வழக்கம் என்பதால், அங்கே முன்கொக்கிக்குப் பெரிதாக வேலை இருக்கவில்லை. சரளைப் பள்ளம் வைத்த டிராக்குக்கு அதே வண்டியைக் கொண்டுபோனால்தான் சிக்கல்.

ஆகவே மூன்று வகை முன்கொக்கிகளை வாங்கி மாட்டிப் பார்த்தோம். சோதனை எளிமையானது. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைவின்ச்சுக்கும் கொக்கிக்கும் நடுவில் டிஜிட்டல் தொங்குதராசு. 500 கிலோ காட்டும்வரை முதலில் நேராக இழுப்பது, அடுத்து 45 டிகிரி பக்கவாட்டில். எங்கள் வண்டி 1,050 கிலோ.

முதலாவது, திருகிச் செருகும் இரும்புக் கண். பார்க்க லட்சணம், வேண்டாதபோது கழற்றி வைக்கலாம். அதுதான் அதன் குறையும். சரளையில் மாட்டிக்கொண்ட நேரத்தில் அது டிக்கியில் இருக்கும், நீங்கள் ஐந்து முனை பெல்ட்டுக்குள் கட்டுண்டு கிடப்பீர்கள். (பல ஃபோக்ஸ்வாகன் கார்களில் இந்தக் கண்ணுக்கு இடப்புரி. தெரியாதவர்கள் வழக்கம்போல் வலப்பக்கம் திருகித் திருகிச் சலித்துப்போவார்கள்.) நேர் இழுப்பில் தேறியது. பக்க இழுப்பை அதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, 10 மி.மீ. தடிமன், 50 மி.மீ. அகலத்தில் வெட்டிய தகடு. நுனியில் வளையம். நேராக இழுத்தபோது மலைபோல நின்றது. அப்போதே இதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். 45 டிகிரியில் தராசு 500-ஐத் தொடும் முன்பே மெதுவாகப் பக்கம் சாயத் தொடங்கியது. பிறகு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம். பக்கவாட்டில் விழும் பங்கு சுமார் 350 கிலோ. தகடு 150 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. மெல்லிய பக்கமாக அது வளையும்போது இரும்பில் ஏறும் அழுத்தம் 600 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. சாதாரண மைல்ட் ஸ்டீல் 250-லேயே விட்டுக்கொடுத்துவிடும். சரளையிலிருந்து யாரும் நேராக இழுக்கப் போவதில்லை. டிரக் எங்கே நிற்க முடியுமோ அங்கிருந்துதான் இழுப்பு வரும்.

மூன்றாவது, நெய்த பட்டை வளையம். வாங்கும்போது எனக்கு நம்பிக்கையே இல்லை, துணியாயிற்றே என்று. ஆனால் துணி எந்தத் திசையில் இழுத்தாலும் அந்தத் திசைக்கே திரும்பிக்கொள்கிறது. வளைவதற்கு அதில் எதுவும் இல்லை. நேராகவும் பக்கமாகவும் 500 கிலோ ஏற்றினோம். சேஸிஸில் மயிரிழை அசைவில்லை.

பட்டையைவிட முக்கியம் அதைப் பிடித்திருக்கும் இடம். சேஸிஸின் முன் கீழ்க் குறுக்குக் குழாயில் 6 மி.மீ. தகட்டில் இரண்டு காதுகள் வெல்டிங் செய்து, நடுவில் பட்டையை விட்டு, இரண்டையும் துளைத்து ஓர் எம்12, 8.8 கிரேடு போல்ட். இப்படி மாட்டினால் போல்ட் அறுபட இரண்டு இடத்தில் அறுபட வேண்டும்; இடத்துக்கு ஏறக்குறைய 4 டன் தாங்கும். ஒரே காதில் மாட்டினால் அந்தத் தாங்குதிறன் பாதியாவதோடு போல்ட்டும் வளையும். வெல்டிங் வேண்டாம், குழாயைத் துளைத்தே மாட்டுகிறேன் என்பவர்கள் துளைக்குள் ஒரு சிறு குழாய்த்துண்டைச் செருகுங்கள். இல்லையென்றால் நட்டை முறுக்கும்போதே குழாய் நசுங்கும். யு-போல்ட் கிளாம்பு பக்கமே போகாதீர்கள், உருளைக் குழாயில் சுழன்றுவிடும். ரேடியேட்டர் சட்டம், ஸ்டீயரிங் ரேக், சஸ்பென்ஷன் கை எதுவும் இழுப்பதற்கானவை அல்ல.

பட்டைக்கும் குறை உண்டு. வெயில் அதைத் தின்னும், கூரான தகட்டு விளிம்பு அறுக்கும். காதுகளின் ஓரத்தைக் கிரைண்டரில் உருட்டிவிட்டுத்தான் மாட்டினோம். அழகென்று பார்த்தால், கிரிலுக்குக் கீழே நாக்கு தொங்குவதுபோல் இருக்கிறது. நண்பர் கறுப்பு வாங்கலாம் என்று மன்றாடினார். கொக்கி பளிச்சென்று தெரிய வேண்டும், மஞ்சள், சிவப்பு அல்லது ஆரஞ்சில் இருக்க வேண்டும் என்பது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி. எங்களைப் போன்ற வார இறுதி ஓட்டிகளை அது கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் தரையில் படுத்துத் தேடிய அந்த மனிதரை நினைத்துச் சிவப்பே வாங்கினேன்.

டிராக்குக்குப் போகிறவர்களுக்கு என் தேர்வு பட்டைதான். டிரெய்லரில் ஏற்ற மட்டும் என்றால் திருகுக் கண் போதும். தகட்டு வளையம் வேண்டாம்.

வெல்டிங்கில் கை வைக்கும் முன் பேட்டரியையும் இசியூ கனெக்டரையும் கழற்றிவிடுங்கள், ஃபைபர் மூக்கை இறக்கிக் கராஜுக்கு வெளியே வையுங்கள். பட்டை வாங்கிய மாதத்தை அதன் ஓரத்திலேயே மார்க்கரால் எழுதுங்கள். நூல் பிரிந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.