கொல்லையில் களை, கோல்ஃபில் பயிர்

புதுக்கோட்டை வல்லத்திராக்கோட்டைப் பக்கம் கடலைக் கொல்லையில் அருகு பிடித்துவிட்டால் அந்த வருஷ விளைச்சலில் ஒரு பங்கு போயிற்று என்று அர்த்தம். கொத்திப் போட்ட துண்டு வரப்பிலும் வேர்விடும். வெயிலில் சருகாகக் காயவைத்தால்தான் சாகும். பிள்ளையாருக்குக் கொஞ்சம், ஆட்டுக்கு மீதி என்பதோடு அதன் மதிப்பு முடிந்தது. இதே புல்லுக்குத் தண்ணீர் காட்டி, உரம் வைத்து, மில்லிமீட்டர் கணக்கில் கத்தரித்து வளர்க்கிற தோட்டக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கோல்ஃப்காரர்கள் 'பெர்முடா' என்று சொல்வது நம் அருகைத்தான்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரின் ஆய்வு நிலையம், அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றையும் கலந்து 1960களில் டிஃப்வே, டிஃப்டுவார்ஃப் போன்ற ரகங்களை வெளியிட்டது. வெப்பமான நாடுகளின் மைதானங்களில் அவை பரவின. இந்தக் கலப்பினங்கள் முளைக்கிற விதை கட்டுவதில்லை. தண்டைத் துண்டுபோட்டுத்தான் நட வேண்டும். கொல்லைக்காரர் மண்வெட்டியால் வேண்டாவெறுப்பாகச் செய்து வைக்கிற வேலையை மைதானக்காரர் காசு கொடுத்துச் செய்கிறார். கோரை மட்டும் இருவருக்கும் பொது எதிரி.

மைதானப் பராமரிப்பைப் பணக்காரர்களின் அலங்காரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதற்குள் இருக்கும் மண்ணறிவு லேசானதல்ல. பந்தை உருட்டிக் குழியில் தள்ளும் கிரீனில் புல்லின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். ஒரு செடியை அவ்வளவு மழித்தால் இலையும் குறையும், வேரும் மேலேறும். தினமும் ஆள் நடந்து மிதித்த மண் இறுகிப்போகும். அதனால் ஆண்டுக்குச் சில முறை குழல் ஊசிகளால் மண்ணைத் துளைத்துச் சிறு உருளைகளாக வெளியே எடுத்து, ஓட்டைகளில் மணலை நிரப்புகிறார்கள். தரையோடு சேரும் சருகுப் படலத்தைக் கீறி எடுக்கிறார்கள். மணல் தூவும் வழக்கத்தை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஊன்றியவர் மைதானக் காப்பாளர் மூத்த டாம் மோரிஸ். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் இதற்கு ஒரு கட்டுமான அளவே வகுத்தது: அடியில் 10 செ.மீ. சரளை, மேலே 30 செ.மீ. மணல் கலவை. அடைமழையிலும் கிரீனில் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும்.

இந்தக் கலை பிறந்த ஸ்காட்லாந்தில் ஆண்டு முழுக்கச் சாரல், மிதமான வெயில். தமிழ்நாட்டுச் சமவெளிக்கு வரும்போதுதான் சிக்கல். அருகு வெப்பத்தை விரும்பும் புல். சித்திரை, வைகாசி வெயிலில்தான் அதற்கு உயிர் பொங்கும். மண்ணைத் துளைத்த காயம் சீக்கிரம் ஆறும் காலமும் அதுவே. ஆகவே பெரிய சீரமைப்பு வேலையெல்லாம் கோடையில் வைக்கப்படுகிறது. தண்ணீருக்கு ஊரே குடத்தோடு நிற்கிற காலமும் அதுதான்! 2019 கோடையில் சென்னைக் குடிநீர் ஏரிகள் வறண்டு கிடந்ததை மறந்தவர் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்தச் சில வாரங்களில் கொட்டிவிடும். வெட்டும் இயந்திரத்தை இறக்கினால் சக்கரத் தடம் பள்ளமாகும். வெளிச்சம் குறைந்து, ஈரம் நின்று, பூஞ்சை ஏறும். மார்கழிப் பனியில் வளர்ச்சி மந்தம். புல்லின் தேவையும் வானத்தின் கொடையும் ஒத்துப்போகும் மாதம், ஆடி ஆவணியில் மாலை இடிமழை பெய்யும் நாட்களை விட்டால், மிகக் குறைவு.

மலையில் வேறு கணக்கு. ஊட்டி மைதானம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் இருக்கிறது. அங்கே டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். பனி உருகுமுன் புல்லை மிதித்தால் காலடி கருகி நிற்கும், ஆகவே ஆட்டம் காத்திருக்க வேண்டியதுதான். கொடைக்கானல் மைதானத்திலோ காட்டெருமைகள் வந்து மேய்கின்றன. அவற்றுக்குக் குட்டையாக வெட்டிய ஃபேர்வே எது, நீளமாக விட்ட ரஃப் எது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குறை தொழில்நுட்பத்தில் இல்லை, இலக்கில் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் ஒரே பச்சை வேண்டும் என்ற ஆசை தொலைக்காட்சி கொடுத்தது. அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தை ஏப்ரலில் திரையில் பார்த்த உறுப்பினர், தன் கிளப்பிலும் அதே நிறத்தைக் கேட்கிறார். கொஞ்சம் கணக்குப் பார்த்தால் விஷயம் விளங்கும். பதினெட்டுக் குழி மைதானம் 100 முதல் 150 ஏக்கர் வரை பிடிக்கும். கிரீன்கள் எல்லாம் சேர்ந்தால் ஏறத்தாழ 3 ஏக்கர்தான். உயிரைக் கொடுத்துக் காக்க வேண்டிய பரப்பு அவ்வளவே. ஃபேர்வே பழுத்தாலும் பந்து உருளும். சொல்லப்போனால் கூடுதல் தூரம் உருளும். 2006இல் இங்கிலாந்தின் ஹாய்லேக்கில் நடந்த ஓபன் போட்டியில் மைதானம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருந்தது. டைகர் உட்ஸ் அதில்தான் வென்றார்.

அமெரிக்காவிலேயே மறுசிந்தனை வந்துவிட்டது. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் மைதானத்தில் 2010, 2011இல் மைதான வடிவமைப்பாளர்கள் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் பல ஏக்கர் ரஃப் புல்லை உரித்தெடுத்து மணலும் காட்டுப்புல்லுமாக விட்டார்கள். ஆயிரத்துக்கு மேலிருந்த தண்ணீர்த் தெளிப்பான்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. 2014 யு.எஸ். ஓபன் அங்கேயே நடந்தது. இந்தியாவிலும் வெள்ளைக்காரர் காலத்தில் வறண்ட ஊர்களில் கிரீனுக்குப் பதில் 'பிரவுன்' இருந்தது: எண்ணெய் கலந்து அழுத்திய மணல்தரை, அவ்வளவுதான். அது பெரும்பாலும் கைவிடப்பட்டது வருத்தமே.

சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சுகிறோமே என்பது நகரத்து மைதானங்களின் பதில். நியாயமான பதில்தான், ஆற்றுக்குப் போகும் சாக்கடை புல்லுக்குப் போவது நல்லது. ஆனால் அந்த நீரில் உப்பு அதிகம். மழையில்லாத மாதங்களில் உப்பு மண்ணில் தங்கும், அதை அலசி இறக்க மேலும் தண்ணீர் வேண்டும்.

மைதானங்களுக்காகச் சொல்லவும் ஒன்று உண்டு. நகரத்தின் நடுவே மழை இறங்க இடம் கொடுக்கும் மண் அவை. கிண்டியில் அது வெளிப்படையாகவே தெரிந்தது. குதிரைப் பந்தயத் திடலின் ஓட்டப்பாதைக்கு உள்ளே மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. அந்தத் திடலை நடத்திய ரேஸ் கிளப்புக்கு 1945 ஒப்பந்தப்படி அரசு கொடுத்த 160 ஏக்கரின் ஆண்டு வாடகை 614 ரூபாய். 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்து செய்து இடத்துக்கு முத்திரை வைத்தது. விவகாரம் நீதிமன்றம் போனது. வேளச்சேரி வெள்ளத்தைக் குறைக்க அங்கே நான்கு குளங்கள் வெட்டப்பட்டன. 118 ஏக்கர் பசுமைப் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கப்பட்டது.

வல்லத்திராக்கோட்டையில் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை நடத்துவதும் இதே துறைதான். கோடைக்கு எந்தச் செடி தாங்கும், எது தாங்காது என்று புதுக்கோட்டைச் செம்மண்ணில் பார்த்துப் பழகியவர்கள் அதில் இருக்கிறார்கள். கிண்டிப் பூங்காவுக்கும் புல்வெளி வரும், சித்திரையில் அதற்கும் தண்ணீர் கேட்பார்கள், பழுத்துக் கிடக்கிறதே என்று வருகிறவர்கள் புகார் எழுதுவார்கள். எத்தனை ஏக்கரைப் பச்சையாக வைப்பது, எத்தனையை மழை வரும்வரை காயவிடுவது என்பதை முதல் புல்லை நடுவதற்கு முன்பே எழுதி, நுழைவாயிலில் பலகையாக மாட்டிவிட்டால் அந்தப் புகாரில் பாதி குறையும்.