சீன இடப்பெயர் கற்றலில் நிலப்படத்தின் பயனும் எல்லையும்

முன்னுரை

இடப்பெயர் மொழிக்கும் உரியது, நிலத்துக்கும் உரியது. எனவே ஒரு மொழியின் இடப்பெயர்களைக் கற்பவர் அகராதியோடு நிலப்படத்தையும் விரித்து வைத்துக்கொள்வது இயல்பே. சீன மொழியைப் பொறுத்தவரை இம்முறை பெரும்பயன் தருவதாகும். எனினும் அதற்கு எல்லைகளும் உள்ளன. அவ்வெல்லைகளை உணராத நிலையில் தமிழக - சீனத் தொடர்பு பற்றிய ஆய்வுகளிலும் பிழை நேர்வதற்கு இடமுண்டு. இவ்விரு கூறுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திசையும் வெயிலும்

சீன மாநிலப் பெயர்கள் பல திசைச்சொல்லை ஈறாகக் கொண்டவை. துங் (கிழக்கு), சி (மேற்கு), நான் (தெற்கு), பெய் (வடக்கு) என்னும் நான்கு சொற்களை அறிந்தவர் நிலப்படத்தில் பல பெயர்களைத் தாமே பொருள்கொள்ள இயலும். ஷான்துங் 'மலைக்குக் கிழக்கு'. ஷான்சி 'மலைக்கு மேற்கு'. இங்கு மலை என்பது தைஹாங் மலைத்தொடர். ஹெனான், ஹெபெய் ஆகியவை மஞ்சளாற்றின் தெற்கையும் வடக்கையும் குறிப்பன. ஹூனான், ஹூபெய் ஆகியவை துங்திங் ஏரியை எல்லையாகக் கொண்டு அமைந்த பெயர்கள்.

இதனினும் நுட்பமானவை யாங், யின் என முடியும் ஊர்ப்பெயர்கள். யாங் வெயில் படும் பக்கம், யின் நிழற்பக்கம். மலையின் தென்சரிவும் ஆற்றின் வடகரையும் வெயில் பெறுவதால் அவை யாங் எனப்பட்டன. லோயாங் நகரம் லோ ஆற்றின் வடகரைக்குரிய பெயர். ஜியாங்யின் யாங்சி ஆற்றின் தென்கரைக்குரியது. ஹுவாயின் ஹுவா மலைக்கு வடக்கே உள்ளது. அகராதி 'வெயில்' என்று மட்டும் கூறி நிற்குமிடத்தில், அப்பெயரின் காரணத்தை விளக்குவது நிலப்படமே.

நிலப்படம் காட்டாதவை

ஆயினும் இன்றைய நிலப்படம் பெயரிட்ட காலத்து நிலப்படம் அன்று. மஞ்சளாறு பலமுறை தடம் மாறியது. 1855இல் தன் தென்வழியை விட்டு வடக்கே திரும்பி ஷான்துங் வழியே கடலை அடையலாயிற்று. மாநில எல்லைகளும் பெயருக்கு முற்றும் பொருந்துவன அல்ல. மஞ்சளாற்றுக்கு வடக்கே உள்ள அன்யாங் நகரம் இன்று 'ஆற்றின் தெற்கு' எனப் பொருள்படும் ஹெனானிலேயே அடங்குகிறது.

இரண்டாவது எல்லை மொழி பற்றியது. ஜிலின் என்னும் பெயரைச் சீன எழுத்துகளைக் கொண்டு பொருள்கொண்டால் 'மங்கலக் காடு' என்றாகும். ஆனால் அது ஆற்றங்கரையைச் சுட்டும் மஞ்சூ மொழிப் பெயரின் ஒலிபெயர்ப்பு. ஹூஹெஹாவ்தெ என்பது 'நீல நகரம்' எனப் பொருள்தரும் மங்கோலியப் பெயர். இவற்றில் சீன எழுத்து ஒலியை மட்டுமே சுமக்கிறது. நிலப்படத்திலுள்ள எல்லாப் பெயர்களையும் எழுத்துக்கு எழுத்து பொருள்கொள்ள முற்படுபவர் பிறமொழியாளரின் நிலத்தைச் சீனச் சொல்லாக மாற்றிவிடுகிறார்.

தமிழ் எழுத்தில் சீனப் பெயர்கள்

தமிழர் சீன நிலப்படத்தைப் பெரும்பாலும் ரோமன் எழுத்து வழியாகவே அறிகின்றனர். சீன அரசு 1958இல் ஏற்றுக்கொண்ட பின்யின் முறையை, சீன இடப்பெயர்களுக்குரிய ரோமன் வடிவமாக 1977இல் ஐக்கிய நாடுகள் அவையின் இடப்பெயர் மாநாடு பரிந்துரைத்தது. பின்யின் எழுத்துகளின் ஒலிமதிப்பு ஆங்கிலத்தினின்று வேறுபட்டது. அதனை ஆங்கிலமாகவே படித்துத் தமிழில் பெயர்த்தெழுதுவதே பெரும்பான்மைப் பிழைகளுக்குக் காரணம்.

பெய்ஜிங் என்பதன் முதலொலி ஒலிப்புடையது அன்று. மூச்சொலி கலவாத பகரமே. தமிழ்ச் சொல்முதற் பகரம் இதற்கு நன்கு பொருந்துகிறது. ஆங்கில வழக்கை ஒட்டி அதனை ஒலிப்புடையதாக உச்சரிப்போர் இயல்பாக அமைந்த பொருத்தத்தைக் கைவிடுகின்றனர். மறுபுறம், தொனி வேறுபாட்டைத் தமிழ் எழுத்து காட்டுவதில்லை. ஷான்சி என்னும் மாநிலத்துக்கு மேற்கே அதனை ஒட்டி மற்றொரு ஷான்சி உள்ளது. இரண்டையும் பிரிப்பது தொனியே. இதனால் ரோமன் வடிவில் பின்னதற்கு அகரம் இரட்டித்து எழுதப்படுகிறது. தமிழில் அத்தகைய வழக்கு நிலைபெறவில்லை.

இச்சிக்கல் தமிழாய்வை நேரே தொடுமிடம் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுக நகரமாகும். செகசைக் கானின் நலம் வேண்டிச் சிவனை எழுந்தருளுவித்த செய்தியைக் கூறும் இக்கல்வெட்டு ஃபூஜியான் மாநிலத்து ச்சுவான்சோவைச் சேர்ந்தது. பின்யினில் இப்பெயரின் முதலெழுத்து 'க்யூ' ஆதலால் தமிழில் இது 'குவான்சோ' எனவும் எழுதப்படுகிறது. குவாங்துங் மாநிலத்தின் குவாங்சோவும் அயல்நாட்டு வணிகர் தங்கிய துறைமுகமே. இரண்டுக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு இருக்க, தமிழ் எழுத்தில் ஓரெழுத்து வேறுபாடே எஞ்சுகிறது. ஒரு நகரின் வரலாறு மற்றதற்கு ஏற்றப்படும் வாய்ப்பு இங்கு மிகுதி. நிலப்படத்தில் இடத்தைச் சரிபார்ப்பதே இதற்கு உடனடித் தீர்வாகும்.

அவ்வாறு சரிபார்த்த பின்னும் பழம்பெயர் எஞ்சி நிற்கிறது. ச்சுவான்சோவை அரபு வணிகர் ஜைதூன் என வழங்கினர். அந்நகரைச் சூழ்ந்து நின்ற முள்முருங்கை மரத்தின் சீனப் பெயரான 'த்சிதுங்' என்பதன் திரிபே அது என்பர். இன்றைய நிலப்படத்தில் இப்பெயரைத் தேடுவது வீண். அவ்வாறே சோழநாட்டைக் குறிக்கும் 'சுநியென்' என்னும் சீன வழக்கையும் இன்றைய பெய்ஜிங் ஒலியைக் கொண்டு மதிப்பிடுதல் பொருந்தாது. அது எழுதப்பட்ட காலத்து ஒலி வேறு.

முடிவுரை

சீன இடப்பெயரைக் கற்பதற்கு நிலப்படம் சிறந்த தொடக்கம். முடிந்த சான்று அன்று. இருப்பிடத்தையும் திசையையும் அது காட்டும். பெயரின் மூலமொழி, பெயரிட்ட காலம், ஒலி வரலாறு ஆகியவற்றை வேறு சான்றுகளே காட்டவேண்டும். தமிழ்க் கட்டுரைகளில் சீன இடப்பெயரை முதன்முறை எழுதும்போது மாநிலப் பெயரையும் உடன் தருவதும், பின்யின் ஒலிமதிப்புக்கேற்ற ஒலிபெயர்ப்பு முறை ஒன்றை வகுத்துக்கொள்வதும் இன்றியமையாதன. கடல்கடந்த தமிழ் வணிகரின் சுவடுகளைத் தேடும் ஆய்வு, அவர் வாழ்ந்த ஊரின் பெயரைப் பிழையற எழுதுவதிலிருந்தே தொடங்கவேண்டும்.